பின்கட்டில் மாட்டிய படம்

"முனியன் படத்தைப் பின்கட்டில் மாட்டச் சொன்னது யார்?"

ராஜசேகரன் கூடத்துக்குள் நுழைந்ததும் கேட்டான். பதில் அவனுக்குத் தெரியும்.

"நான்தான்" என்றார் கோதண்டம். பூந்தமல்லி சித்திரக்காரர் சங்கத்தின் காரியதரிசி.

1937-ஆம் வருஷம், தை மாதம். சங்கத்தின் முதல் கண்காட்சி. ஆறு பேர், பதினெட்டுப் படங்கள். கூடம் மிராசுதார் திருவேங்கடம் இலவசமாகக் கொடுத்தது. மாலை நாலு மணிக்கு டிப்டி கலெக்டர் வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு. அவருக்குச் சித்திரத்தில் பித்து உண்டு. ஒரே ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, மறுநாள் பட்டணத்தில் ஆரம்பமாகும் பெரிய கண்காட்சிக்குத் தம் காரிலேயே கொண்டுபோவதாகச் சொல்லியிருந்தார்.

ஆகவே எந்தப் படம் எங்கே தொங்குகிறது என்பது சின்ன விஷயமல்ல.

"ஈர விறகுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் மாட்டியிருக்கிறீர்கள். கலெக்டர் அங்கே எதற்குப் போவார் ஸார், கை கழுவவா?"

"அங்கே வெளிச்சம் நல்லா விழுது."

"அப்படியானால் உங்கள் பிள்ளையாரை அங்கே மாட்டுவதுதானே?"

முனியன் பாரிவாக்கம் சேரிக்காரன். மாட்டுவண்டிகளுக்கும் கடைப் பலகைகளுக்கும் பெயர் எழுதிப் பிழைப்பவன். நாற்று நடும் பெண்களைப் படமாக எழுதியிருந்தான். குனிந்த முதுகுகள், சேற்றுக்குள் கைகள். பதினெட்டில் சிறந்தது அதுதான் என்று மற்ற ஐந்து பேரும், தனித்தனியாக, ரகசியமாக, ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

டிராயிங் மாஸ்டர் எத்திராஜும் சேர்ந்துகொண்டார்.

"இன்னா சார் நியாயம் இது? நம்ம படம்லாம் முன்னாடி, அவன் படம் மட்டும் விறகுக்கட்டையோட கீது. பாக்கறவன் காறித் துப்புவான்."

நாற்காலியில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த மிராசுதார் நிமிர்ந்தார்.

"அங்கேயே இருக்கட்டுமேப்பா. கோதண்டம் விவரம் தெரிஞ்சவர்."

ராஜசேகரனுக்குக் கோபம் ஏற அது போதுமானதாக இருந்தது.

"கலைக்கு ஏது ஐயா சாதி?" என்று ராஜசேகரன் கத்தினான். "அரை மணியில் அந்தப் படம் முன்கூடத்துக்கு வரவேண்டும். இல்லாவிட்டால் என் மூன்று படங்களையும் கழற்றிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன்."

"நானும்தான்" என்றார் எத்திராஜ். மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

கோதண்டம் ராஜசேகரனைத் தனியே இழுத்துப் போனார்.

"ராஜூ, இன்னிக்கு ஆறு மணி தாண்டுற வரைக்கும் அங்கே இருக்கட்டும். அப்புறம் நீயே எடுத்து எங்கே வேணும்னாலும் மாட்டிக்கோ."

"ஆறு மணிக்குக் கலெக்டர் போயிருப்பாரே?"

"தெரியும்."

"தெரிந்துதான் செய்தீர்களா!"

கோதண்டம் ஏதோ சொல்ல வந்தார். மிராசுதார் பக்கம் ஒருமுறை பார்த்தார். சொல்லவில்லை.

படம் முன்கூடத்துக்கு வந்தது. வாசலுக்கு நேரே யாருடைய படத்தை எடுத்து இடம் பண்ணுவது என்பதில் மட்டும் பத்து நிமிஷம் போயிற்று.

"உன்னுதை எடு, மச்சான். நீதானே சத்தம் போட்டே?" என்றார் எத்திராஜ்.

"சத்தம் போட்டவனே இடமும் விடணுமா?"

முடிவில் கோதண்டத்தின் பிள்ளையார் கழற்றப்பட்டார். கோதண்டம் ஆட்சேபிக்கவில்லை.

டிப்டி கலெக்டர் நாலேகாலுக்கு வந்தார். மாலையைக் கழற்றுமுன்பே அந்தப் படத்தின் முன் நின்றுவிட்டார். மற்ற பதினேழையும் மரியாதைக்குப் பார்த்தார்.

"இதுதான்" என்றார். "எழுதியவர் எங்கே?"

"ரொம்பவும் அடக்கமானவர் ஸார்" என்றான் ராஜசேகரன். "கூட்டம் என்றால் கூச்சம்."

"அப்படித்தான் இருக்கவேண்டும் ஒரு கலைஞன்!"

படத்தைத் துணியில் சுற்றிக் காரில் ஏற்றினார்கள். ஐந்து மணிக்குக் கார் போயிற்று. ராஜசேகரனின் முதுகில் எத்திராஜ் தட்டினார். "சொன்ன மாதிரி சாதிச்சிட்டே மச்சான்!" மிராசுதார்கூட மெச்சிக்கொண்டார். எல்லாரும் காப்பி கிளப்புக்குப் புறப்பட்டார்கள். கோதண்டத்தை யாரும் கூப்பிடவில்லை.

ஆறு மணிக்குப் பின்கட்டு ஜன்னலை அவர் திறந்தார்.

வெளியே வரப்பின்மேல் முனியன் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள், நடவு முடித்து நேரே வந்தவர்கள். கால்களில் சேறு காயவில்லை.

"நீங்க சொன்ன மாதிரியே வயக்காட்டாலே வந்துட்டோம் சாமி. யாரும் பாக்கல" என்றான்.

சேரி ஜனங்கள் கூடத்துப் படியேறக் கூடாது. படம் எழுதியவனும் சேர்த்தி. கூடத்தைக் கொடுத்தபோது மிராசுதார் போட்ட ஒரே நிபந்தனை அது. சங்கத்தார் ஐந்து பேரும் அதற்குச் சம்மதித்திருந்தார்கள். ஜன்னலைப் பற்றி மிராசுதார் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

"முனியா, உன் படம் பட்டணத்துக்குப் போயிருக்குடா" என்றார் கோதண்டம். "பெரிய எக்ஸிபிஷனுக்கு. கலெக்டரே கார்ல கொண்டுபோயிருக்கார்."

முனியனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. தாயார் பக்கம் திரும்பினான்.

படத்தில் முதல் ஆளாகக் குனிந்திருந்தவள் அவள்தான், வேம்புலியம்மாள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர்ச் சுவரை எட்டிப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"பட்டணத்துல ஜன்னலு எந்தப் பக்கம் கீது சாமி?" என்று கேட்டாள்.