நீல வட்டம்

நான்கு வருடங்களாகச் செல்லக்கனியின் அடிவயிற்றில் ஒரு வலி குடியிருந்தது. போன ஆஸ்பத்திரிகளில் எல்லாம் முதலில் இன்சூரன்ஸ் அட்டையைத்தான் கேட்டார்கள். இல்லை என்றதும் குரல் மாறிவிடும். வளையலை விற்று எடுத்த ஸ்கேனில் ஒன்றுமில்லை என்று வந்தது. "நாள்பூரா ஜவுளிக்கடைல நின்னா வலிக்காதா மதினி?" என்று நாத்தனார் பேச்சை முடித்துவிட்டாள்.

சமுதாயக்கூடத்தில் வியாழக்கிழமைதோறும் இலவசமாகப் பார்க்கும் டாக்டரம்மாதான் காகிதங்களை ஓரமாக வைத்துவிட்டு, "ஒரு விரலால தொட்டுக் காட்டுங்க" என்றார். தொட்ட இடத்தைச் சுற்றி நீலப் பேனாவால் வட்டம் போட்டார். "என்னன்னு எனக்கும் இன்னும் தெரியலம்மா. ஆனா வலி இருக்கு, இங்கதான் இருக்கு. அழியாமப் பாத்துக்குங்க, அடுத்த வாரம் இதே இடமான்னு பாப்போம்."

குடியிருந்த வலிக்கு யாரோ கதவிலக்கம் கொடுத்ததுபோல் இருந்தது. கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அந்த வாரம் முழுக்க வட்டத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டே குளித்தாள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலையும் விட்டாள். அப்படியும் கோடு மங்கவே, புதன்கிழமை மகளின் பேனாவை எடுத்து, இம்மி விலகாமல் அதன்மேலேயே வரைந்தாள்.

மறுநாள் சமுதாயக்கூடத்துப் பெஞ்சில், முந்தானைக்குள் அடிவயிற்றைப் பொத்தியபடி ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். செல்லக்கனியின் கையும் அதே இடத்தில் இருப்பதைப் பார்த்தாள். நகர்ந்து இடம் கொடுத்து, மெதுவாகக் கேட்டாள்:

"நீயும் தண்ணி படாமப் பாத்துக்கிட்டியாம்மா?"