குழலுக்கும் கட்டைக்கும் நடுவே

"கை தப்பினா சிதறும் அத்தை. இது சிதறல, வரிசையா ஏறிப் போகுது. கோளாறு உங்ககிட்ட இல்ல, துப்பாக்கியில" என்றாள் மருமகள், குறி அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி.

முதல் ஐந்து குண்டுகளும் நடுவட்டத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. ஆறாவதிலிருந்து ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறி, எறும்புச் சாரைபோல் ஒரே கோடு.

"துப்பாக்கிக்குப் பதினாறு வயசு, எனக்கு ஐம்பத்து மூணு. எது கிழடுன்னு ஆராய்ச்சி வேறயா? விடு, நாளைக்கு வர்றது வரட்டும்" என்றார் மாமியார்.

நாளை துப்பாக்கி சுடும் அணிக்கான தேர்வின் கடைசிச் சுற்று. அணியில் மிச்சமிருப்பது ஒரே ஒரு இடம், அதற்குப் போட்டி இரண்டு பேர். இருபது வருடங்களில் மாமியார் இவ்வளவு தூரம் வந்ததில்லை. அடுத்த வருடமும் கண் இப்படியே இருக்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை.

மருமகள் விடுவதாக இல்லை. துப்பாக்கிச் சங்கத்தின் பழுதுபார்க்கும் அறை அவள் பொறுப்பு. அவள் கை படாத துப்பாக்கி அங்கே ஒன்றுகூட இல்லை.

அடியிலிருந்த இரண்டு திருகுகளையும் சோதித்தாள். இறுக்கமாகத்தான் இருந்தன. ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் அதைத் தாங்கும் மரக்கட்டைக்கும் நடுவே நுழைத்து இழுத்துக்கொண்டே போனாள். தடையில்லாமல் ஓடவேண்டிய காகிதம் பாதி வழியில் நின்றது.

"மாட்டிக்கிச்சு. குழல் கட்டையில எங்கயுமே படக் கூடாது. இங்க படுது."

"மழையில மரம் ஊதியிருக்கும்."

"ஊதினா நீளத்துக்கும் நெருக்கும். இது ஒரே இடம். கழட்டிப் பார்த்துடறேன்."

"பார்த்துக் கழட்டும்மா. மருமக உடைச்சா பொன்குடம்."

"உங்க மகனைப் பதினோரு வருஷமா உடையாம வெச்சிருக்கேன். இது உடைஞ்சுடுமா?"

குழலைத் தூக்கியதும், கட்டையின் பள்ளத்தில் அது தெரிந்தது. காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி. நகத்தளவு, மூன்று மடிப்பு, கத்தரியால் ஒழுங்காக வெட்டியது.

"எப்பவோ ஒட்டினதா இருக்கும்" என்றார் மாமியார்.

"அழுக்குகூடப் படல, புதுசு. குழல் சூடானா இது மேல அழுத்தும், குறி நகரும். விஷயம் தெரிஞ்சவங்க வேலை. நீங்க ஜெயிக்கக் கூடாதுன்னு நினைச்சவங்க."

"நாளைக்கு என்னோட மோதப் போறவ அப்படிப்பட்டவ இல்ல" என்றார் மாமியார் சட்டென்று.

"அவ செய்யலன்னு எனக்கும் தெரியும்."

மருமகள் பிளாஸ்திரியைச் சுரண்டி எடுத்து, பள்ளத்தைத் துடைத்து, திருகுகளை அளவாக முறுக்கினாள். காகிதம் இப்போது வழுக்கிக்கொண்டு ஓடியது.

சுடுதளத்தில் மாமியார் பாயில் படுத்துப் பத்து குண்டுகள் சுட்டார். பத்தும் சேர்ந்து சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரே துளை.

"துப்பாக்கிப் பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கு அத்தை?"

"என்கிட்ட மட்டும்தான்." மாமியார் துப்பாக்கியைப் பாயில் வைத்தார். "வேணும்னே குறி தப்பிச் சுட்டா நீ ஒரே பார்வையில கண்டுபிடிச்சுடுவே. எனக்கு வேற வழி தெரியல."

மருமகள் சுவரோரத்து அலமாரியைத் திறந்து தன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"தள்ளிப் படுங்க அத்தை, நானும் பத்து சுட்டுப் பார்க்கணும். நாளைக்கு உங்களை நான் ஜெயிக்கணுமில்ல?"