பூசினாப்பல இருந்த ஈறு

விளக்கு அணைந்து வெகுநேரம் கழித்து இருதயத்துக்கு ஒரு விநோதமான சத்தம் கேட்டது. ரத்தத்தில் யாரோ கும்பலாக நீந்தி வருகிற மாதிரி, சளக் சளக்கென்று. ஏற்கெனவே இரண்டு நாளாக அதற்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பயந்துபோய், வாய்வாசலில் காவல் இருக்கும் ஈறு அக்காவைக் கூப்பிட்டது.

“அக்கா, யாரையாவது உள்ளே விட்டியா?”

“நான் ஏன்டா விடறேன்? அந்த முரட்டு பிரஷ் தேய்ச்சாலே எனக்கு ரத்தம் கொட்டுது. இந்தப் பக்கமே வராதேன்னு விரட்டிட்டேன். அதுலேர்ந்து ஒரே நிம்மதி. உடம்புகூட கொஞ்சம் பூசினாப்பல இருக்கேன். பல்லை ஒட்டி உட்கார முடியல, தள்ளித்தான் உட்கார்ந்திருக்கேன்.”

“தள்ளின இடத்துல என்ன இருக்கு, பாரு.”

ஈறு குனிந்து பார்த்தது. தனக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு சந்து. அங்கே தேங்கிய பழைய சோற்றைத் தின்றபடி கிருமிகள் வரிசையாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தன.

“இன்னும் நாலு ராத்திரி இப்படி வந்தா நான் நின்னுடுவேன் அக்கா” என்றது இருதயம்.

விடிந்ததும் ஈறு வெட்கத்தை விட்டு பிரஷ்ஷைக் கூப்பிட்டது.

“என்ன மகாராணி, இப்பத்தான் என் ஞாபகம் வந்துதா?”

“அப்புறமா திட்டு. முதல்ல தேய். ரத்தம் வந்தாலும் நிறுத்தாதே.”

வந்தது. முதல் நாள் நிறையவே வந்தது. ஈறு பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தது. பத்தாம் நாள் ஒரு சொட்டுகூட வரவில்லை. வீக்கம் வற்றி, ஈறு பல்லோடு நெருங்கி உட்கார்ந்தது. பிறகு கீழே இருதயத்துக்குக் கேட்கும்படி, கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டது.