ஆள் இருக்கிற மாதிரி

எங்கள் புது வீட்டைப் பத்திரிகைப் போட்டிக்காகப் படம் பிடிக்கிறார்கள். நாங்கள் குளியலறையில் நிற்கிறோம். மாமியார் மட்டும் கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்திருக்கிறார். "ஒளிஞ்சு நிக்க நாம என்னத்தடி திருடினோம்?" காலடியில், கண்ணை உறுத்துவதாக ஆர்க்கிடெக்ட் அள்ளிப்போட்ட எங்கள் செருப்புகள், துடைப்பம், மாத்திரை டப்பா. கதவிடுக்கில் ஹால் தெரிகிறது: பிணவறை வெளிச்சம், கிண்ணத்தில் மெழுகு ஆப்பிள்கள். "பரிசு கிடைச்சா நமக்குந்தானே பெருமை?" என்று கிசுகிசுக்கும் கணவரின் முகத்தில் துப்பலாம் போலிருக்கிறது. கதவு திறக்கிறது. ஆர்க்கிடெக்ட் குனிந்து, மாமியார் முகத்திலிருந்து மூக்குக்கண்ணாடியைப் பதமாகக் கழற்றுகிறார். "புத்தகத்து மேல வைக்கணும்மா. வீட்ல ஆள் இருக்கற மாதிரி தெரியணும்ல?" மாமியார் தடவித் தடவி என் கையைப் பிடிக்கிறார். ஆர்க்கிடெக்ட் கதவை வெளியிலிருந்து சாத்துகிறார்.