காக்கா எடுக்குமா?

எங்கள் வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கக் கம்ப்யூட்டர் திரைதான்; வானமும் காக்கையும் அதில்தான் தெரியும். அமாவாசைக்காகப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போனோம்.

கடைக்காரர் இரண்டு கார்டுகளை ஒப்பிட்டுக் காட்டினார். "கணக்குப்படி பாத்தா அதைவிட இதுக்கு ரெண்டு மடங்கு வேகம் சார். காக்காவோட இறகு ஒண்ணொண்ணா தெரியும்."

"சோத்தை எடுக்குமா?" என்றாள் என் மனைவி பூங்கோதை.

"தாராளமா எடுக்கும்மா."

அமாவாசையன்று மறைந்த அப்பாவுக்குப் படைத்துவிட்டு, திரையடியில் சோற்றுருண்டையை வைத்துக் கூப்பிட்டோம். காக்கை வந்தது. இறகு ஒவ்வொன்றும் மின்ன, திரைக்குள்ளிருந்த சோற்றைக் கொத்தியது. எங்கள் உருண்டை அப்படியே இருந்தது.

"தாத்தா சாப்பிட்டாச்சா? எனக்குப் பசிக்குது," என்றாள் மகள்.

பூங்கோதை சுவரைத் தட்டினாள். "இதுல ஒரு ஓட்டை போட்டா என்னங்க?"

சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடும் சத்தம் கேட்டது: "கா... கா..."