குரல் என்றொரு ஃபோல்டர்

என்டரைத் தட்டியதும் லேப்டாப்பின் கறுப்புத் திரை ஒன்றும் சொல்லவில்லை.

தம்பிக்கு அதுதான் பிடிக்கும். வேலை முடிந்தால் அது பேசாமல் இருக்கும். தப்பு நடந்தால்தான் கத்தும் என்பது அவன் கணக்கு. ஆபீசில் மற்றவர்கள் மவுஸால் கோப்புகளை இழுத்துக்கொண்டு கிடக்கும்போது இவன் ஒரே வரிக் கட்டளையில் முடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அதில் கொஞ்சம் மண்டைக்கனமும் உண்டு.

இப்போது நகர்த்தியது அண்ணனின் குரலை.

அண்ணனுக்குத் தொண்டையில் புற்றுநோய். இன்று காலை குரல்வளையை முழுசாக எடுக்கப்போகிறார்கள். அண்ணி அவரோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அண்ணன் மகளைப் பார்த்துக்கொள்ள இவன் வீட்டில் இருந்தான். அவள் பக்கத்து அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

அண்ணனால் இனிமேல் பேச முடியாது. ஆனால் முன்கூட்டியே வாக்கியம் வாக்கியமாகப் பதிந்து கொடுத்தால், பிறகு அவர் தட்டச்சு செய்வதை ஒரு கருவி அவருடைய குரலிலேயே பேசும். ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்மணி அப்படித்தான் சொல்லியிருந்தார். அதைக் கேட்டபிறகுதான் அண்ணன் ஆபரேஷனுக்கே சம்மதித்தார்.

போன வாரம் முழுக்க அண்ணனும் தம்பியும் இதே அறையில் ஜன்னலை அடைத்து, ஃபேனை நிறுத்தி, வியர்த்து விறுவிறுக்கப் பதிந்தார்கள். வாசிக்கக் கொடுத்த வாக்கியங்கள் எல்லாம் ஒரு தினுசு. 'இந்த ரயில் எப்போது கிளம்பும்?' 'மேலாளரைப் பார்க்க முடியுமா?' பார்த்தால் மட்டும் சம்பளத்தை ஏற்றிவிடப் போகிறானா என்று அண்ணன் மைக்கிலேயே கேட்டுத் தொலைத்தார். அதை அழித்து மறுபடி பதிய வேண்டியதாயிற்று.

பட்டியலில் இல்லாததையும் அவர் பதிந்தார். மகளைக் கொஞ்சுவது, அதட்டுவது, பல் தேய்த்தாயா என்று கேட்பது. அண்ணியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும், தம்பியை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பதிந்தார்.

எல்லாவற்றையும் 'குரல்' என்ற பெயரில் ஒரு ஃபோல்டரில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு கோப்பாக எடுத்துக் குரலுக்குள் நகர்த்து என்று தம்பி ஒரு வரி எழுதினான். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது.

ஃபோல்டருக்குள் போய்ப் பார்க்க நினைத்தான். போக முடியவில்லை. அது ஃபோல்டரே இல்லை. ஒற்றைக் கோப்பு.

அவன் அந்த ஃபோல்டரை உருவாக்கவே மறந்திருந்தான்.

கோப்புகள் முன்பு இருந்த இடத்தைத் திறந்து பார்த்தான். அங்கே எதுவும் மிச்சமில்லை.

ஃபோல்டர் இல்லாதபோது, குரல் என்பது அந்தக் கட்டளைக்கு வெறும் பெயர். முதல் கோப்புக்கு அந்தப் பெயரை வைத்தது. இரண்டாவதற்கும் அதையே வைத்தது; முதலாவது அழிந்தது. மூன்றாவது வந்து இரண்டாவதை அழித்தது. இப்படியே ஒவ்வொன்றும் முன்னால் இருந்ததை விழுங்கிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்தது. அழிக்கட்டுமா என்று ஒரு தடவைகூட அது கேட்கவில்லை.

கேட்க வைத்திருக்கலாம். கட்டளையோடு ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்திருந்தால் போதும். ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவன் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அதைத்தான். முதலில் பிரதி எடு, சரிபார், அப்புறம் பழையதை அழி. வீட்டு வேலைதானே என்று இங்கே விட்டுவிட்டான். வேறெங்கும் பிரதி இல்லை.

இந்த லேப்டாப்பின் டிஸ்க், அழித்ததை அப்போதே சுத்தமாகத் துடைத்துவிடும் ரகம். மீட்டுவிடலாம் என்று தன்னையே ஏமாற்றிக்கொள்ளக்கூட அவனுக்கு வழியில்லை.

ஃபோன் அடித்தது. அண்ணி.

"தம்பி, உள்ள கூட்டிட்டுப் போக ஆள் வந்துடுச்சு. எல்லாம் பத்திரமா இருக்கான்னு உங்க அண்ணன் கேக்கறாரு."

பின்னால் அண்ணன் கரகரத்த குரலில் நர்ஸிடம் ஏதோ கேலி பேசிக்கொண்டிருந்தார். அந்தக் குரல் இன்னும் இருந்தது. இவன் உண்மையைச் சொன்னால் போதும். டாக்டரிடம் கெஞ்சி நாளைக்குத் தள்ளிவைக்கலாம். அது முடியாவிட்டாலும், படுத்திருக்கிற இடத்திலேயே ஃபோனைக் கொடுத்து நாலு வாக்கியமாவது பேச வைக்கலாம்.

அவனுக்குப் பயமாக இருந்தது, அவமானமாக இருந்தது. கத்திக்குப் போகிற மனிதரிடம் உங்கள் குரலைத் தொலைத்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஒரு கோப்பு மிச்சம் இருக்கிறதே என்று மனசு சமாதானம் சொன்னது. அதில் ஒரு வாக்கியமாவது இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்வார்கள். இந்தக் காலத்தில் என்னவெல்லாமோ செய்கிறார்கள்.

"பத்திரமா இருக்கு அண்ணி."

அண்ணி ஃபோனை வைத்துவிட்டாள்.

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு மிச்சம் இருந்த ஒன்றைத் திறந்தான்.

ஒன்றும் கேட்கவில்லை. சத்தத்தைக் கூட்டினான். தெருவில் எங்கோ ஒரு வண்டி போனது. நாற்காலி லேசாக முனகியது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாக்கியங்கள் எல்லாம் முடிந்தபின், யாரும் பேசாமல் அறையின் அமைதியை மட்டும் கொஞ்சம் பதியச் சொல்லியிருந்தார் அந்தப் பெண்மணி. குரலிலிருந்து மற்ற இரைச்சலைப் பிரித்தெடுக்க அது வேண்டுமாம். அதுதான் கடைசிக் கோப்பு. அண்ணன் உதட்டின்மேல் விரலை வைத்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

மூச்சாவது கேட்குமா என்று ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்தினான். அண்ணன் மூச்சையும் அடக்கியிருந்தார். அவர் எதையும் சொன்னபடி செய்கிற ஆள்.

பதிவு முடிகிற இடத்தில் ஒரு குரல் வந்தது. பிசிறில்லாமல், தெளிவாக, அவனுடைய குரல்.

"போதும்ணே. அவ்வளவுதான்."