ஒண்ணாம் தேதி வரட்டும்

"கைய எடுங்க! அதத் தொடாதீங்கன்னு எத்தினி வாட்டி சொல்றது? டேட்டா போய்டும்!"

சமையலறையிலிருந்து ஈரக்கையோடு ஓடிவந்தாள் தேவசுந்தரி. கம்ப்யூட்டரில் டேட்டா கார்டைச் செருகப்போன அவள் கணவர் எலியாஸ் கையை இழுத்துக்கொண்டார்.

"ஸ்கோர் பாக்கலாம்னு..."

"ரேடியோவுல கேளுங்க. மாசம் பூரா ஒரு ஜி.பி.தான். நீங்க பாத்துத் தீத்துட்டா, புள்ள வர்ற நேரத்துல நான் இன்னா பண்றது?"

கம்ப்யூட்டரும் டேட்டா கார்டும் ஒரே மகன் ஸ்டீவன் வாங்கித் தந்தவை. கல்யாணமான கையோடு சிங்கப்பூருக்குக் குடித்தனம் போனபோது, மலையைப் பார்த்த ஜன்னலோரம்தான் சிக்னல் எடுக்கிறது என்று கண்டுபிடித்து, மேசையை அங்கே நகர்த்திப் போட்டவனும் அவன்தான். "தினமும் மூஞ்சியப் பாத்துப் பேசலாம்மா" என்று சொல்லி, எங்கே அமுக்க வேண்டும் என்று பொறுமையாகக் கற்றுக்கொடுத்தான்.

அவளும் கற்றுக்கொண்டாள். பக்கத்து வீட்டுப் பெண் பரீட்சை ரிசல்ட் பார்க்கக் கேட்டு வந்தபோதுகூட ஏதோ சாக்குச் சொல்லி அனுப்பிவிட்டாள். தெருவில் பொல்லாதவள் என்று பேர் வாங்கியதுதான் மிச்சம்.

ஸ்டீவன் மாதம் பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை திரையில் வருவான். முகம் தெளிவாகத் தெரிவதற்குள், "எனக்கும் இங்க மாசத்துக்கு இவ்ளோதான்னு அளவும்மா. வீடியோ போட்டா எல்லாம் காலி. அடுத்த ஒண்ணாம் தேதி வரட்டும், நெறய பேசலாம்" என்பான். திரை இருண்டுவிடும்.

"டேட்டா இன்னா ரேஷன் சக்கரையா, அளந்து போடறதுக்கு?" என்றார் எலியாஸ்.

"கம்பெனிக்காரன் நமக்கு அளந்துதானே குடுக்கறான்? அவனுக்கு மட்டும் கொட்டியா குடுப்பான்?"

"அது கெடக்கட்டும். வேலூர் டாக்டர் இன்னா சொன்னாரு? வயித்துல கட்டி வளந்துகினே போவுது, இந்த மாசமே ஆபரேஷன் பண்ணிடணும்னாரா இல்லியா? நீ இன்னாடான்னா தள்ளிப் போட்டுகினே போற."

"ஒண்ணாம் தேதி போவட்டும்."

"போன்ல சொல்லித் தொலையேன்."

"போன்ல சொன்னா பயந்துடுவான். மூஞ்சியப் பாத்து, சிரிச்சிகினே சொல்லணும்." அவள் குரல் இறங்கியது. "மயக்க ஊசி போட்டப்புறம் எழுந்திருக்கறேனோ இல்லியோ. அதுக்கு முன்னாடி ஒரு வாட்டி எம்புள்ளயக் கண்ணு நெறயப் பாத்துக்கறேங்க."

எலியாஸ் டேட்டா கார்டை மேசை இழுப்பறையில் வைத்து மூடினார்.

வாசலில் பைக் வந்து நின்றது.

"ஸ்டீவன் வூடு இதானுங்களா? நான் ராஜவேலு. பொதட்டூர்பேட்டைங்க. சிங்கப்பூர்ல அவனும் நானும் ஒரே ஆபீஸ். லீவுல வந்தேன், இதக் குடுத்துட சொன்னான். இன்னிக்குக் கிருத்திகையா, மலையடிவாரத்துல கூட்டம். சுத்திகினு வர்றதுக்குள்ள லேட்டாயிடுச்சி."

பையில் சாக்லேட் டப்பாவும் தைலப் பாட்டில்களும் இருந்தன. தேவசுந்தரி அவற்றை வெளியே எடுக்கவில்லை. பையையே மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

"உக்காரு நைனா. முறுக்கு எடுத்துக்கோ. எம்புள்ள எப்டி இருக்கான்? எளச்சிட்டானா?"

"உங்களுக்குத் தெரியாததாம்மா!" என்று சிரித்தான் ராஜவேலு.

எலியாஸ் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஏம்ப்பா, அங்க நெட்டு மாசத்துக்கு எவ்ளோ தரான்?"

"அங்க அளவெல்லாம் கெடையாதுங்க. எவ்ளோ வேணாப் பாத்துக்கலாம். ஸ்டீவன் வூட்டுல கம்ப்யூட்டர அணைக்கறதே இல்ல."

தடவிக்கொண்டிருந்த கை நின்றது. ராஜவேலு முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான்.

"எங்க பசங்களுக்கெல்லாம் அவம்மேல பொறாமைங்க. பெத்தவங்ககிட்ட எவன் இப்டிப் பாசமா இருக்கான்? பக்கத்து வூடுதான நான், தினமும் பாக்கறேனே. ஆபீஸ் வுட்டு வந்ததும் சாப்பாட்டுத் தட்டக் கம்ப்யூட்டர் முன்னாடி வெச்சிகினு உக்காந்துடுவான். அம்மா, மாத்திரை போட்டீங்களா? அம்மா, முட்டி வலி எப்டி இருக்குது? மணிக்கணக்கா ஓடும். ப்ளெஸ்ஸி அண்ணிகூட வாய் நெறய அம்மா, அம்மான்னுதான் கூப்புடறாங்க. எந்த வூட்டுல மருமக அப்டிக் கூப்புடறா, சொல்லுங்க?"

எலியாஸ் எதையோ சொல்ல வாயெடுத்தார். தேவசுந்தரி அவர் முழங்கையை அழுத்திப் பிடித்தாள்.

"நானும் ஒரு வாட்டி எட்டிப் பாத்து வணக்கம் சொன்னேனே, ஞாபகம் இல்லியா?" என்று அவள் முகத்தை உற்றுப் பார்த்தான் ராஜவேலு. "ஆனா நேர்ல ஆளே வேற மாதிரி இருக்கீங்கம்மா. அன்னிக்குப் பெரிய கண்ணாடி போட்டுகினு இருந்தீங்க இல்ல?"

தேவசுந்தரி தன் ஆயுளில் கண்ணாடி போட்டதில்லை. கண்ணாடி போடுகிறவள் கோயமுத்தூரில் இருக்கும் ஸ்டீவனின் மாமியார்.

"ஆங்... இப்பல்லாம் போடறதில்ல நைனா" என்றாள் தேவசுந்தரி.